பழைய டீசல் சரக்கு வண்டி வாங்குவோர் கவனிக்க வேண்டியவை

சந்தைக்குச் சரக்கைக் கொண்டு சேர்ப்பதற்குச் சொந்தமாக ஒரு சிறு மோட்டார் வண்டி வேண்டும் என்னும் எண்ணம் நம் அங்கத்தினர்களிடையே ஆண்டுக்கு ஆண்டு வலுத்து வருகிறது. தக்காளி பறித்த அன்றே விலைபோக வேண்டும். வெட்டிய வாழைத்தார் காத்திராது. நெசவாளரின் சேலைக் கட்டு மழைக்கு முன் சங்கக் கிடங்கை அடைந்தாக வேண்டும். வாடகை வண்டியோ, எல்லோருக்கும் தேவைப்படுகிற நாளில் ஒருவருக்கும் கிடைப்பதில்லை. புதிய வண்டியின் விலை பெரும்பாலோருக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது. ஆகவே பழைய வண்டியின்பால் மனம் செல்வது இயற்கையே; அதில் தவறும் இல்லை. ஆனால், வீட்டுப் பெண்களின் நகையை அடகு வைத்து வண்டி வாங்கி, அவ்வண்டி வயலில் ஓடுவதைவிடப் பட்டறையில் அதிகமாக நின்று, முடிவில் நகை ஏலத்துக்கு வரும் நிலையை அடைந்த குடும்பங்களைச் சங்கங்களின் கணக்குகளைப் பார்வையிடும் நாம் கண்டிருக்கிறோம். இக்கட்டுரை அதன் பொருட்டே எழுதப்படுகிறது.

பழைய வண்டியின் குறைகள் இரு வகைப்படும். பணம் செலவிட்டால் தீர்கின்றவை ஒரு வகை; எவ்வளவு செலவிட்டாலும் தீராதவை மற்றொரு வகை. தேய்ந்த டயர், வழுக்கும் கிளட்ச், புகையும் எஞ்சின் முதலியன முதல் வகையைச் சேர்ந்தவை. அவற்றுக்கு ஆகும் செலவை மெக்கானிக்கிடம் கேட்டறிந்து, அவ்வளவு தொகையை விலையில் குறைத்துக் கேட்கலாம். வளைந்த அல்லது துருவேறி இற்றுப்போன சேசிஸும், நேரில்லாத காகிதங்களும் இரண்டாம் வகை. இவை இருக்குமானால் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் அவ்வண்டி நமக்கு வேண்டாம். வாங்குவோரில் பலர் இந்த வரிசையைத் தலைகீழாக்கிக் கொள்கின்றனர். எஞ்சின் சத்தத்தை அரை மணி நேரம் காது கொடுத்துக் கேட்பவர், வண்டிக்கடியில் குனிந்து பார்ப்பதில்லை. பதிவுப் புத்தகத்தையோ முன்பணம் கொடுத்த பிறகுதான் பிரிக்கிறார்.

சுமைக்குத் தக்க வண்டி

எந்த வண்டி நல்லது என்று கேட்பதற்கு முன், நம் சுமை என்ன என்பதை எழுதிப் பார்த்துக்கொள்ள வேண்டும். 25 கிலோ தக்காளிப் பெட்டி நாற்பது ஏற்றினால் ஒரு டன் ஆகிறது. 2005-ம் ஆண்டில் டாட்டா நிறுவனத்தார் வெளியிட்டதும், நம் மக்கள் ‘குட்டி யானை’ என்று செல்லமாக அழைப்பதுமான ஏஸ் வண்டியின் பழைய டீசல் வகை 702 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள இரண்டு சிலிண்டர் எஞ்சினைக் கொண்டது. சுமார் முக்கால் டன் ஏற்றத்தக்கது. அதாவது மேற்சொன்ன பெட்டிகளில் முப்பதுதான் அதன் அளவு. ஓசூரில் உற்பத்தியாகி 2011-ல் வெளிவந்த அசோக் லேலண்ட் தோஸ்த் வண்டி மூன்று சிலிண்டர் எஞ்சினுடன் ஒன்றேகால் டன் சுமப்பது. மகிந்திரா பொலீரோ பிக்-அப் வண்டிகள் வகைக்கு வகை வேறுபடினும், பொதுவாக ஒன்றேகால் டன்னுக்குக் குறையாமல் சுமப்பவை. இரண்டரை லிட்டர் எஞ்சின் கொண்ட பழைய வகைகள் மேட்டுப்பாங்கான மண் பாதையில் திணறாமல் ஏறும்.

தினம் அரை டன் காய்கறியைத் தார்ச்சாலையில் உழவர் சந்தைக்குக் கொண்டு செல்பவருக்குப் பெரிய பிக்-அப் வீண் செலவு. மஞ்சளையும் கரும்பு விதைக் கரணையையும் எருவையும் ஏற்றுபவருக்குக் குட்டி யானை போதாது. நெசவாளர் சங்கங்களின் நிலை வேறு. அங்கே சரக்கு கனமன்று, இடத்தை அடைப்பது. மேலும் நூல் சிப்பம் ஒரு மழையில் நனைந்தால் அந்த நட்டம் பல மாத டீசல் செலவுக்குச் சமம். ஆகையால் அவர்கள் டன் கணக்கைவிட, நன்கு மூடிய கூண்டுள்ள வண்டியைத் தேடுவதே மேல்.

‘கம்பெனி ஒரு டன் என்கிறது, நாம் இரண்டு ஏற்றினால் என்ன?’ என்று கேட்பாரும் உண்டு. 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி அதிகச் சுமைக்கு அபராதம் 20,000 ரூபாய். அதற்கு மேல் கூடுதலாகும் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய் வேறு. அபராதத்துக்குத் தப்பினாலும், வண்டியின் பட்டைகளும் பின் அச்சும் தப்பா. வாங்கப்போகும் வண்டி முன்னர் அவ்வாறு ஓட்டப்பட்டதா என்பதையும் இதைக் கொண்டே அறியலாம். காலியாக நிற்கும்போதே பின்புறப் பட்டைகள் நேராகத் தளர்ந்து கிடந்தாலோ, கம்பெனி வைத்ததற்கு மேல் கூடுதல் பட்டைகள் சொருகப்பட்டிருந்தாலோ அது செங்கல்லோ ஜல்லியோ சுமந்த வண்டி என்று கொள்ளலாம். எவ்வளவு ஏற்றலாம் என்பதைத் தரகரிடம் கேட்க வேண்டியதில்லை. பதிவுச் சான்றில் மொத்த எடையும் வெற்று எடையும் குறிக்கப்பட்டிருக்கும்; முன்னதிலிருந்து பின்னதைக் கழித்தால் வருவதே சட்டம் அனுமதிக்கும் சுமை. கனத்த இரும்பில் தொட்டி கட்டியிருந்தால், அந்த இரும்பின் எடை நம் சரக்கின் பங்கிலிருந்துதான் போகிறது.

எந்த ஆண்டு வண்டி

டீசல் வண்டிகளின் புகையைக் கட்டுப்படுத்த அரசு பாரத் நிலை என்னும் அளவுகளை விதித்திருக்கிறது. நான்காம் நிலை 2017 ஏப்ரல் 1 முதலும், ஆறாம் நிலை 2020 ஏப்ரல் 1 முதலும் நாடெங்கும் கட்டாயமாயின. வாங்குவோருக்கு இதில் என்ன சம்பந்தம் எனில், இத்தேதிகளை ஒட்டி எஞ்சினின் அமைப்பே மாறிவிட்டது. பழைய எஞ்சின்களில் டீசலைச் செலுத்தும் பம்ப் முழுவதும் இயந்திரச் செயலால் இயங்குவது. டிராக்டர் பழுது பார்க்கத் தெரிந்த எந்த மெக்கானிக்கும் அதைப் பிரித்துப் பூட்டுவார். பின்னர் வந்தவற்றில் காமன் ரெயில் என்னும் முறை பரவியது. ஆயிரம் மடங்கு வளி அழுத்தத்துக்கும் மேலான அழுத்தத்தில் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களை ஒரு மின்னணுப் பெட்டி ஆள்கிறது. மைலேஜும் இழுவையும் இதில் மேம்பட்டவை என்பதில் ஐயமில்லை. ஆனால் டீசலில் சிறிது தண்ணீர் கலந்தாலும் இன்ஜெக்டர்கள் கெடும்; பழுதைக் கண்டறிய ஸ்கேனர் கருவி உள்ள பட்டறைக்குத்தான் செல்ல வேண்டும்.

ஆறாம் நிலை டீசல் வண்டிகளிலோ, புகைக்கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி ஒன்று புகைக்குழாயில் பொருத்தப்படுகிறது. சேர்ந்த கரி எரிந்து வெளியேற வேண்டுமானால் வண்டி அவ்வப்போது நெடுஞ்சாலையில் நன்கு சூடேறி ஓட வேண்டும். தோட்டத்துக்கும் ஊருக்கும் இடையே மூன்று நான்கு கிலோமீட்டர் மட்டுமே ஓடும் வண்டியில் இவ்வடிகட்டி அடைத்துக்கொள்கிறது. அதை மாற்றும் செலவு சிறிதன்று. சில வண்டிகளுக்கு யூரியாக் கரைசலும் தனித் தொட்டியில் ஊற்ற வேண்டும். இது கடையில் அதற்கென விற்கப்படும் தூய கரைசல். வயலுக்குப் போடும் வேப்பெண்ணெய் பூசிய யூரியாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றிச் சிக்கனம் செய்ய நினைப்போர், வண்டியின் விலையில் ஒரு பகுதியை அன்றே இழப்பர்.

ஆகவே நம் அபிப்பிராயம் இது: வயலும் அண்டைச் சந்தையுமாகக் குறைந்த தூரம் ஓடுவோருக்கு, நன்கு பராமரிக்கப்பட்ட, 2020-க்கு முற்பட்ட எளிய எஞ்சினே ஏற்றது. தினம் நூறு கிலோமீட்டர் ஓடுபவர் புதிய வகையை அஞ்ச வேண்டியதில்லை. அதே சமயம் மிகப் பழையதும் கூடாது. போக்குவரத்து வண்டிக்கு எட்டு ஆண்டு வரை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையும், அதற்குப்பின் ஆண்டுதோறும் தகுதிச் சான்று பெற வேண்டும். பதினைந்து ஆண்டு கடந்த வண்டிகளுக்கு இச்சான்றின் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் பன்மடங்கு உயர்த்தப்பட்டது. அரசு இலாகாக்களின் பழைய வண்டிகளை ஏலத்தில் எடுத்து ஓட்டலாம் என்று எண்ணுவோரும் ஒன்றை அறிய வேண்டும். பதினைந்து ஆண்டு கடந்த அரசு வண்டிகளின் பதிவு 2023 ஏப்ரல் முதல் புதுப்பிக்கப்படுவதில்லை. அவை பழைய இரும்புக்குத்தான் உதவும்.

தீராத குறைகள்

சேசிஸ் என்பது வண்டியின் முதுகெலும்பு. ஏணியைப் போல இரண்டு நீண்ட இரும்புச் சட்டங்களும் குறுக்குச் சட்டங்களும் சேர்ந்தது அது. எஞ்சின், தொட்டி, அச்சு யாவும் அதன்மேல்தான் நிற்கின்றன. ஆகையால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு சாக்கை விரித்து வண்டியின் கீழ் படுத்துப் பார்ப்பதற்குக் கூச்சப்படலாகாது. கையில் ஒரு டார்ச்சும் சிறு சுத்தியலும் போதும். ஓட்டுநர் அறைக்குப் பின்புறம் தொட்டி தொடங்கும் இடத்திலும், பட்டைகள் சேசிஸில் மாட்டப்படும் இடங்களிலும் வெடிப்போ, புதிய வெல்டிங் தடமோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சுத்தியலால் மெல்லத் தட்டினால் நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். துருவேறி அடுக்கடுக்காகப் பிரிந்த இரும்பு மந்தமாக ஒலித்து உதிரும். வண்டியின் அடிப்பாகம் முழுவதும் புதிதாகக் கறுப்புப் பெயிண்ட் அடிக்கப்பட்டிருந்தால், அதை அழகென்று மகிழாமல், எதை மறைக்க அடித்தார்கள் என்று யோசிக்க வேண்டும்.

வண்டி முன்பு என்ன சுமந்தது என்று விசாரிப்பது மிக அவசியம். கடற்கரை ஊர்களில் மீனும் உப்பும் ஏற்றிய வண்டிகள் மேலே பளபளப்பாகவும் அடியில் சல்லடையாகவும் இருக்கும். உரக்கடை வண்டிகளும் அப்படியே. பொட்டாஷ் உரம் ஈரம்பட்டால் இரும்பை அரிக்கும். சாயச்சாலைகளுக்கு உப்பு ஏற்றியவற்றை நம் நெசவாள அங்கத்தினர்களே நன்கு அறிவர். பருத்தியில் சாயம் பிடிப்பதற்கு எவ்வளவு உப்பு செலவாகிறது என்பது அவர்களுக்குத் தெரிந்ததே. அந்த உப்பும் ஏதோ ஒரு வண்டியில்தான் வந்தது.

மேற்பாகத்தில் அடிபட்டதை அறிய ஒரு சிறு காந்தத்தைத் துணியில் சுற்றி ஓட்டிப் பார்க்கலாம். தகடு உள்ள இடத்தில் ஒட்டும். பட்டி வைத்துப் பூசிய இடத்தில் ஒட்டாது. கதவில் சிறிது பட்டி இருப்பது பெரிய குற்றமன்று. முன்புறச் சேசிஸ் முனைகளை ஒட்டி இருந்தால், வண்டி பலமாக மோதியிருக்கிறது என்று பொருள். நான்கு டயர்களில் ஒன்று மட்டும் ஓரத்தில் சாய்வாகத் தேய்ந்திருப்பதும் அதற்கே சாட்சி சொல்லலாம். டயரின் பக்கத்தில் நான்கு இலக்கங்கள் ஓர் வட்டத்துக்குள் பொறிக்கப்பட்டிருக்கும். 2319 என்று இருந்தால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்யப்பட்டது. பட்டன் ஆழமாக இருப்பினும் மிகப் பழைய டயர் சுமையோடு வெடிக்கும்.

இனிக் காகிதங்கள். பதிவுச் சான்றிலுள்ள சேசிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் வண்டியில் பொறிக்கப்பட்டுள்ள எண்களோடு ஒவ்வோர் எழுத்தாக ஒத்துப் பார்க்க வேண்டும். எண் தெளிவாக இல்லையெனில் மேலே மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் தெரியும். அரம் போட்டுத் தேய்த்த தடமோ, வரிசை பிசகிய எழுத்தோ தென்பட்டால் மேற்கொண்டு ஒரு வார்த்தையும் பேசாமல் வீடு திரும்பலாம். மத்திய அரசின் எம்-பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைக் கொடுத்தால், பதிவு நாள், தகுதிச் சான்றும் காப்பீடும் எதுவரை செல்லும், கடன் கொடுத்தவர் பெயர் நிலுவையில் உள்ளதா என்பன தெரியவரும். காவல்துறை அபராதங்கள் பாக்கி உள்ளனவா என்பதையும் அரசு இணையத்தில் பார்க்கலாம். வீட்டில் படிக்கும் பிள்ளைகள் இதை ஐந்து நிமிடத்தில் செய்து தருவார்கள்.

இவற்றுள் கடன் குறிப்பே மிகவும் அபாயமானது. சிறு சரக்கு வண்டிகளில் பெரும்பாலானவை தவணைக் கடனில் வாங்கப்பட்டவை. கடன் தீரும்வரை கடன் கொடுத்தவரின் உரிமை பதிவுச் சான்றில் ஏறியிருக்கும். ஒரு சிற்றூரில் அங்கத்தினர் ஒருவர், ‘இரண்டு தவணைதான் பாக்கி, நான் கட்டிவிடுகிறேன்’ என்று விற்றவர் கூறியதை நம்பி முழுப் பணத்தையும் கொடுத்தார். தவணை கட்டப்படவில்லை. நான்காம் மாதம், சந்தைக்குப் போகும் வழியில், காய்கறியை இறக்கி வைத்துவிட்டு வண்டியைக் கொண்டு சென்றுவிட்டார்கள். விற்றவர் ஊரிலேயே இல்லை. அங்கத்தினருக்கு மிஞ்சியது ஒரு வெள்ளைத் தாளில் எழுதிய ரசீது. கடன் கொடுத்தவரின் தடையின்மைச் சான்றும், அவர் கையொப்பமிட்ட 35-ம் படிவமும் கைக்கு வராமல் சிறு முன்பணத்துக்கு மேல் ஒரு காசும் கொடுக்கக் கூடாது. பாக்கி உண்டென்றால், வாங்குபவரே நேரில் சென்று, கடன் கொடுத்தவரின் அலுவலகத்திலேயே அப்பாக்கியைச் செலுத்தி ரசீது பெற்று, அத்தொகையை விலையில் கழித்துக்கொள்வது உத்தமம்.

எஞ்சினைப் பார்க்கும் முறை

டீசல் எஞ்சினில் பெட்ரோல் எஞ்சினைப்போலப் பொறி தரும் பிளக் கிடையாது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பாகம் சுடுவதை யாவரும் அறிவோம். அதுபோல், சிலிண்டரில் காற்றைச் சுமார் இருபதில் ஒரு பங்காக நெருக்குவதால் உண்டாகும் சூட்டிலேயே டீசல் தீப்பற்றுகிறது. இதை மனத்தில் வைத்தால் பரிசோதனையின் கருத்து எளிதில் விளங்கும். பிஸ்டன் வளையங்கள் தேய்ந்தால் காற்று கசியும். காற்று கசிந்தால் சூடு போதாது. சூடு போதாவிட்டால் குளிர்ந்த எஞ்சின் எளிதில் கிளம்பாது. எனவே, இரவு முழுவதும் நின்று குளிர்ந்த எஞ்சினைக் காலையில் நம் எதிரில் கிளப்பச் சொல்ல வேண்டும். நாம் போய்ச் சேரும்போதே எஞ்சின் சூடாக இருந்தால், ‘நாளை விடியற்காலையில் வருகிறோம்’ என்று சொல்லித் திரும்புவது நலம்.

கிளம்பியதும் புகையைக் கவனிக்க வேண்டும். கிளம்பிய கணத்தில் சிறிது புகை வருவது இயல்பு. எஞ்சின் சூடேறிய பின்னும் நீலப்புகை வந்தால் எஞ்சின் ஆயில் எரிகிறது. வளையங்களோ வால்வுகளோ தேய்ந்தன. கரும்புகை விடாமல் வந்தால் டீசல் அதிகமாகவோ காற்று குறைவாகவோ போகிறது. காற்று வடிகட்டி அடைப்பு முதல் இன்ஜெக்டர் கோளாறு வரை காரணம் எதுவாகவும் இருக்கலாம். வெண்புகை நீடித்தால் எரியாத டீசல், அல்லது ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே கசிவதன் அடையாளம். எஞ்சின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து அதன் வாயில் வைத்தால், மூடி துள்ளுகிறதா, புகை குபுகுபுவென வெளிவருகிறதா என்று பார்ப்பது பழைய மெக்கானிக்குகளின் வழக்கம். அது நல்ல வழக்கமே. மூடியின் உட்புறம் மோர் போன்ற வெண்படலம் இருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறது. ரேடியேட்டரில் எண்ணெய்ப் படலம் மிதந்தாலும் குறை அதுவே. ஆனால் ரேடியேட்டர் மூடியை எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மட்டுமே திறக்க வேண்டும். கொதிநீர் முகத்தில் பீறிட்டுக் காயமுறுவோர் உண்டு.

இக்குறைகள் யாவும் எஞ்சினைப் பிரித்தால் தீரக்கூடியவையே. ஆகையால் புகையைக் கண்டதும் ஓட வேண்டாம். அந்த வேலைக்கு என்ன ஆகும் என்று நமக்கு வேண்டிய மெக்கானிக்கைக் கேட்டுக் கணக்கிட வேண்டும். விற்பவர் சிபாரிசு செய்யும் மெக்கானிக்கைக் கேட்பதில் பயனில்லை. மெக்கானிக்குக்கு ஒரு நாள் கூலி கொடுத்து உடன் அழைத்துச் செல்வதை வீண் செலவென்று கருதுவோர், மாடு வாங்கும்போது மட்டும் பல் பிடித்துப் பார்க்கத் தெரிந்தவரை நான்கு ஊர் தாண்டி அழைத்து வருவது நமக்கு வியப்பளிக்கிறது.

பிறகு வண்டியை ஓட்டிப் பார்க்க வேண்டும். காலியாக அன்று, அரைப் பாரமாவது ஏற்றி, ஒரு மேட்டில். காலி வண்டியில் எந்தக் குறையும் தெரியாது. மேட்டில் எஞ்சின் இரைய, வண்டி முன்னேறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. கியர் தானே வெளியே குதித்தால் கியர் பாக்ஸ் வேலை இருக்கிறது. பின்னாலிருந்து ஊளையிடுவது போன்ற ஒலி வேகத்தோடு ஏறினால் கிரவுன் தேய்ந்திருக்கும். பிரேக் போடுகையில் ஒரு பக்கம் இழுக்கிறதா என்றும், ஸ்டியரிங்கில் வெற்றுச் சுற்று எவ்வளவு என்றும் பார்த்துக்கொள்ளலாம். ஓடிய கிலோமீட்டர் எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். அதை மாற்றி அமைப்போர் இருக்கிறார்கள். பெடல் ரப்பர் வழவழப்பாகத் தேய்ந்தும் இருக்கை குழிந்தும் இருக்க, மீட்டர் நாற்பதாயிரம் காட்டினால் மீட்டரைவிட ரப்பரே உண்மை சொல்கிறது.

கணக்குப் போட்டுப் பார்த்தல்

வாங்கும் விலை ஒரு பகுதிதான். ஒரு மாதிரிக் கணக்கைக் காட்டுகிறோம். தத்தம் ஊர் நிலவரப்படி எண்களை மாற்றிக்கொள்ளலாம். வண்டி விலை 3,00,000 ரூபாய். ஆறு ஆண்டு ஓட்டி 1,20,000-க்கு விற்பதாகக் கொண்டால் தேய்மானம் ஆண்டுக்கு 30,000. வட்டி நூற்றுக்குப் பதினொன்று வீதம் முதலாண்டில் 33,000. காப்பீட்டில், மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டிக்கு மூன்றாம் நபர் கட்டணம் மட்டும் 2022 ஜூனில் வந்த அட்டவணைப்படி 16,049 ரூபாய். வரியும் பிறவும் சேர்த்து 20,000 என்று வைப்போம். டயருக்கு 10,000; சாலை வரிக்கும் தகுதிச் சான்றுக்கான பெயிண்ட், டிங்கரிங் வேலைகளுக்கும் 15,000; ஆயிலுக்கும் பழுதுக்கும் 30,000. ஆக மொத்தம் 1,38,000. இது வண்டி கொட்டகையில் நின்றாலும் ஏறக்குறைய ஆகும் செலவு.

ஆண்டில் அறுபது நாள் மட்டும் ஓட்டினால் நாள் ஒன்றுக்கு 2,300 ரூபாய் விழுகிறது. 150 நாள் ஓட்டினால் 920 ஆகக் குறைகிறது. அறுபது கிலோமீட்டர் ஓட்டத்துக்கு ஐந்து லிட்டர் டீசல், லிட்டர் 95 ரூபாய் வீதம் 475 இதனுடன் சேரும். சம்பள ஓட்டுநர் என்றால் அவர் கூலி வேறு. இத்தொகையை ஊரில் கேட்கும் வாடகையோடு ஒப்பிட்டால் விடை தானே கிடைக்கும். அறுவடைக் காலத்தில் மட்டும் வண்டி தேவைப்படுவோர், அண்டைத் தோட்டக்காரர் இருவர் மூவருடன் கூடி ஒரு வண்டியை வைத்துக்கொள்வதே பொருத்தம். அப்படிச் செய்கையில், யாருக்கு எந்த நாள், பழுதுச் செலவில் யாருக்கு எவ்வளவு பங்கு என்பதை முத்திரைத்தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். உறவினர்களாயிற்றே என்று எழுதாமல் விட்ட இடங்களில்தான் வழக்குகள் அதிகம்.

பெயர் மாற்றமும் பொறுப்பும்

விலை முடிந்ததும் 29, 30 எண்ணுள்ள படிவங்களில் இருவரும் கையொப்பமிட்டு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பதிவை மாற்ற வேண்டும். ஒரே மாநிலப் பதிவாயின் விற்றவர் பதினான்கு நாளுக்குள்ளும் வாங்கியவர் முப்பது நாளுக்குள்ளும் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். வெளிமாநில வண்டிக்கு அம்மாநிலத் தடையின்மைச் சான்றும், இங்கே வரியும் வேண்டியிருப்பதால், மலிவு என்று தோன்றியது மலிவாக முடிவதில்லை. பெயரை மாற்றாமல் ஓட்டுவது விற்றவருக்கும் கேடு. பதிவில் யார் பெயர் உள்ளதோ அவரே விபத்துக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் தீர்ப்பளித்திருக்கிறது. தம் பழைய வண்டியை விற்கும் அங்கத்தினர்களும் இதைக் கவனிக்க. காப்பீட்டையும் பதினான்கு நாளுக்குள் தம் பெயருக்கு மாற்றும்படி வாங்கியவர் விண்ணப்பிக்க வேண்டும்.

மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டிக்குப் பெர்மிட் வேண்டியதில்லை; நாம் மேலே கூறிய சிறு வண்டிகள் பெரும்பாலும் இவ்வரம்புக்குள் அடங்கும். இலகு ரக வாகன உரிமம் உள்ளவர், மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியைத் தனி அனுமதியின்றி ஓட்டலாம் என்பதை உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் உறுதி செய்தது.

இவை யாவற்றினும் முக்கியமான ஒன்று உண்டு. நடவுக்கும் களையெடுப்புக்கும் பெண்களைச் சரக்கு வண்டியின் தொட்டியில் நிற்க வைத்து அழைத்துச் செல்வது நம் பக்கத்தில் சர்வ சாதாரணமாகிவிட்டது. சரக்கு வண்டியில் சரக்கின் உரிமையாளரோ அவருடைய பிரதிநிதியோ சரக்குடன் செல்வதற்குத்தான் சட்டப்படியான காப்பீடு உண்டு. இலவசமாக ஏற்றிச் செல்லப்படும் பிறருக்குக் காப்பீட்டுக் கம்பெனி பொறுப்பன்று என்று உச்ச நீதிமன்றம் 2002-லேயே கூறிவிட்டது. நீதிமன்றம் சில வழக்குகளில் கம்பெனி முதலில் கொடுக்கட்டும் என்று உத்தரவிட்டாலும், அத்தொகையை உரிமையாளரிடம் வசூலிக்கும் உரிமை கம்பெனிக்கு உண்டு. வண்டி ஒரு வாய்க்காலில் சாய்ந்தால், கூலிக்கு வந்தவர்களின் குடும்பங்கள் தெருவில் நிற்கும். இழப்பீட்டுக்கு உரிமையாளரின் நிலமும் போகும். ஆட்களுக்கு ஆட்டோவோ வேனோ அமர்த்தும் செலவை நடவுக் கூலியுடன் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

வண்டி வீட்டுக்கு வந்த முதல் வாரத்திலேயே எஞ்சின் ஆயில், ஆயில் பில்டர், டீசல் பில்டர், காற்று வடிகட்டி ஆகியவற்றை மாற்றிவிட வேண்டும். முன்னவர் எப்போது மாற்றினார் என்பதற்கு அவர் வாய்ச்சொல் தவிர வேறு ஆதாரம் இராது. கியர் பாக்ஸ், கிரவுன் ஆயில்களையும் அப்போதே பார்த்துக்கொள்ளலாம். மாற்றிய தேதியையும் கிலோமீட்டரையும் ஒரு நோட்டில் குறித்து வண்டியிலேயே வைக்க வேண்டும். டீசல் பில்டரின் அடியில் உள்ள திருகைத் தளர்த்தித் தேங்கிய தண்ணீரை வடிப்பதை ஓட்டுநருக்குக் கற்பித்து, மழைக்காலத்தில் வாரம் ஒரு முறை செய்யச் சொல்ல வேண்டும். அதற்கு ஐந்து நிமிடம் போதும்.